மொரிசியஸிலிருந்து அண்ணனுக்கு: காற்றைப் பார்த்துத் திட்டம் போடுங்கள்

குவாத்ர் போர்ன், மொரிசியஸ்
மார்ச் கடைசி

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். மே மாத விடுமுறைக்கு நீங்கள் அனுப்பியிருந்த பட்டியலைப் பார்த்தேன். வடக்கு ஒரு நாள், தெற்கு ஒரு நாள், படகு ஒரு நாள் என்று டிராவல்ஸ்காரர் போட்டுக் கொடுத்தது மாதிரியே இருக்கிறது. அப்படிச் சுற்றினால் பாதி நாள் மழைக்கும் மூடுபனிக்கும் போய்விடும். இந்தத் தீவு நீளத்தில் 65, அகலத்தில் 45 கிலோமீட்டர்தான். ஆனால் ஒரே நேரத்தில் நடுமேட்டு ஊரான கியூர்பிப்பில் ஸ்வெட்டர் போடும் தூறல், தலைநகர் போர்ட் லூயிஸில் மண்டையைப் பிளக்கும் வெயில். வருஷத்தின் பெரும்பகுதி காற்று தென்கிழக்கிலிருந்து அடிக்கிறது. அது கிழக்கிலும் தெற்கிலும் கடலைக் கலக்கி, நடுவிலுள்ள மேட்டில் மேகத்தை ஏற்றி மழையைக் கொட்டிவிட்டு, மேற்கே இறங்கும்போது காய்ந்துபோய் வருகிறது. மே மாதத்தில் இந்தக் காற்று வலுக்கத் தொடங்கும். காலையில் எழுந்து தென்னை மட்டை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துவிட்டு அன்றைய இடத்தை முடிவு செய்யுங்கள். புயல் காலம் அதற்குள் ஏறக்குறைய முடிந்திருக்கும். ஜனவரி முதல் மார்ச் வரைதான் அந்தப் பயம் அதிகம்.

டச்சுக்காரர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எல்லோரும் துறைமுகத்தையும் கோட்டையையும் வீட்டையும் இந்தக் காற்றைக் கணக்குப் பண்ணித்தான் கட்டியிருக்கிறார்கள். அதனால் கடற்கரை தனி, பழைய கட்டடம் தனி என்று நாள் பிரிக்க வேண்டாம்.

விமான நிலையம் தென்கிழக்கு மூலையில் இருக்கிறது. எல்லோரும் இறங்கியதும் வடக்கே ஓடுவார்கள், போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நீங்கள் முதல் இரண்டு இரவு பக்கத்திலுள்ள மாஹேபூரிலேயே தங்குங்கள். இந்த நாட்டின் கதை தொடங்குவதும் அங்கேதான். டச்சுக் கப்பல்கள் 1598இல் அந்த வளைகுடாவுக்குள்தான் வந்தன. குடியேற்றம் 1638இல். பவளப்பாறை தீவை ஏறக்குறைய முழுசாகச் சுற்றி நிற்கிறது. ஆறு கடலில் கலக்கும் இடங்களில் நல்ல தண்ணீர் படுவதால் பவளம் வளராது, அங்கே ஒரு வாய் திறந்திருக்கும். கப்பல் உள்ளே வர அதுதான் வழி. தென்கிழக்குக் காற்று கப்பலை நேராக உள்ளே தள்ளிக் கொண்டு வந்துவிடும். திரும்பிப் போவதுதான் பாடு, பாய்மரக் கப்பல் எதிர்காற்றில் அந்தக் குறுகலான வாயில் வெளியேற நாள்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டும். டச்சுக்காரர் கருங்காலி மரத்தை வெட்டி ஏற்றினார்கள், ஜாவாவிலிருந்து கரும்பையும் மானையும் கொண்டுவந்தார்கள், டோடோ பறவை அவர்கள் காலத்தில்தான் அழிந்தது. புயல், எலி, ஆள் பற்றாக்குறை எல்லாம் சேர்ந்து 1710இல் மொத்தமாகக் கிளம்பிவிட்டார்கள். அதே வளைகுடாக் கரையிலுள்ள வியு கிராண்ட் போர்ட்டில் அவர்கள் கோட்டையின் அடித்தளக் கற்கள் இன்னும் இருக்கின்றன. அரை மணி நேரம் போதும்.

அதே வளைகுடாவில் 1810 ஆகஸ்டில் நடந்த சண்டையைப் பசங்களுக்குச் சொல்லி வையுங்கள். வாயிலைக் காக்கும் பாஸ் என்ற குட்டித் தீவை ஆங்கிலேயர் முதலில் பிடித்து, பிரெஞ்சுக் கொடியையே பறக்கவிட்டு, பிரெஞ்சுக் கப்பல்களை உள்ளே இழுக்கப் பார்த்தார்கள். உள்ளே போன பிரெஞ்சுக்காரர்கள் வழி காட்டும் மிதவைகளை இடம் மாற்றிவிட்டார்கள். துரத்தி வந்த ஆங்கிலக் கப்பல்கள் பவளத்தில் தட்டி நின்றன. சிரியஸ், மஜிசியென் என்ற இரண்டையும் அவர்களே கொளுத்திவிட்டுப் போனார்கள். பாரிஸின் வெற்றி வளைவில் இந்தச் சண்டையின் பெயர் பொறித்திருக்கிறது. இரு பக்கத் தளபதிகளும் காயத்தோடு ஒரே வீட்டில் வைத்தியம் பார்த்துக் கொண்டார்கள். மாஹேபூர் நுழைவில் மரங்களுக்கு நடுவே இருக்கும் அந்த வீடுதான் இப்போது தேசிய வரலாற்று அருங்காட்சியகம். கப்பல்களிலிருந்து எடுத்த பொருள்கள் உள்ளே இருக்கின்றன. 2020 ஜூலையில் வகாஷியோ என்ற சரக்குக் கப்பல் ஏறி நின்று எண்ணெய் கொட்டியதும் இதே கரையோரப் பவளத்தில்தான். அன்றைக்கு ஜனங்கள் கரும்புச் சோகையைத் துணிக்குள் திணித்து மிதவை தைத்துக் கடலில் போட்டார்கள்.

அங்கிருக்கும்போதே எக்ரெத் தீவுக்கு முன்பதிவு செய்துவிடுங்கள். வெறும் 26 ஹெக்டேர். மொரிசியஸின் கடலோரத்தில் ஒரு காலத்தில் இருந்த பழைய கருங்காலிக் காட்டில் மிஞ்சிய ஒரு துண்டு அதில் இருக்கிறது. ராட்சத ஆமைகளும் இளஞ்சிவப்புப் புறாக்களும் உலவும். வழிகாட்டி இல்லாமல் இறங்க முடியாது. பாதை மேடுபள்ளமில்லை, ஆனால் கரடுமுரடான பவளக்கல். அம்மாவுக்குச் செருப்பு போதாது, ஷூ வேண்டும். திங்கட்கிழமை மாஹேபூரில் சந்தை, அன்றைக்குக் கார் நிறுத்த இடம் கிடைக்காது.

இனி போர்ட் லூயிஸ். 1735இல் பிரெஞ்சு கவர்னராக வந்த மாஹே தெ லாபூர்தொனேதான் தலைமையிடத்தைக் காற்று மறைவான வடமேற்குக்கு மாற்றியவர். அங்கே மலை வளைந்து நின்று காற்றைத் தடுக்கிறது, கப்பல் சுலபமாக வெளியேறும். இவர் பெயரில் நம் புதுச்சேரியிலேயே தெரு இருக்கிறதே, அவரேதான். 1746இல் இங்கிருந்து கப்பல் கொண்டுபோய் சென்னைக் கோட்டையைப் பிடித்து, பணம் வாங்கிக்கொண்டு ஆங்கிலேயரிடமே திருப்பிக் கொடுக்கப் பார்த்து, புதுச்சேரி கவர்னர் டூப்ளேயோடு சண்டை போட்டு, கடைசியில் பாரிஸில் சிறைக்குப் போனார். இந்த ஊரைக் கட்ட மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். கொத்தன், தச்சன் வேலைக்குப் புதுச்சேரித் தமிழர்கள் வந்தார்கள். ஒப்பந்தக் கூலிகளுக்கு ஏறக்குறைய நூறு வருஷம் முந்தி வந்தவர்கள் இவர்கள். அவர்கள் குடியிருந்த பகுதிக்கு ‘மலபார் முகாம்’ என்று பெயர் இருந்தது. துறைமுகத்து முகப்பில் ராஜபனை வரிசையின் கடல்முனையில் லாபூர்தொனே சிலை, அதே வரிசையின் உள்முனையில் அரசு மாளிகை வாசலில் விக்டோரியா மகாராணி சிலை. இரண்டுக்கும் நடுவே ஐந்து நிமிட நடை.

போர்ட் லூயிஸுக்குக் காரில் போகாதீர்கள். எங்கள் வீட்டுப் பக்கத்திலிருந்தே மெட்ரோ ஏறி விக்டோரியா நிலையத்தில் இறங்கலாம். 1864இல் ஆங்கிலேயர் போட்டு, 1964இல் மூடிய ரயில் பாதையின் தடத்திலேயே பெரும்பாலும் ஓடுகிறது. கட்டியது நம் எல் அண்ட் டி. காலை எட்டரைக்குள் கிளம்பினால் வெயில் ஏறுமுன் நடந்துவிடலாம். ஞாயிறு வேண்டாம், ஊரே அடைத்துக் கிடக்கும். கோதான் துறைமுகக் கடைவீதியிலுள்ள புளூ பென்னி அருங்காட்சியகத்தில் 1847இல் அச்சான தபால்தலைகள் இரண்டு இருக்கின்றன. மை மங்கிவிடும் என்பதால் அசல்மேல் விளக்கை மணிக்கு ஒரு முறை, சில நிமிடம்தான் போடுவார்கள். மற்ற நேரம் தெரிவது நகல். நுழையும்போதே அடுத்த விளக்கு எப்போது என்று கேட்டுக்கொண்டு, அதுவரை மாடியிலுள்ள பழைய வரைபடங்களைப் பாருங்கள்.

ஒப்பந்தக் கூலிகள் வந்திறங்கிய ‘ஆப்ரவாசி காட்’ படித்துறைக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கட்டணம் கிடையாது, சனிக்கிழமை அரை நாள், ஞாயிறு விடுமுறை. 1834 நவம்பர் 2இல் அட்லஸ் கப்பலில் கல்கத்தாவிலிருந்து 36 பேர் வந்தார்கள். அதற்கு மூன்று மாதம் கழித்து, 1835 பிப்ரவரி 1இல், அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டத்துக்கு மலிவாக ஆள் வேண்டும் என்பதுதான் விஷயம். அடுத்த எண்பது வருஷத்துக்கும் மேல் கிட்டத்தட்ட ஐந்து லட்சம் பேர் இந்த வாசல் வழியாக வந்தார்கள். போய்ப் பார்த்ததும் ‘இவ்வளவுதானா’ என்று தோன்றும், ஏனென்றால் நெடுஞ்சாலை போடும்போது பெரும்பகுதி போய்விட்டது. மிஞ்சியது கடலோரக் கற்படிகள், ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் பகுதி, சமையல் கூடம், கழிப்பிடம். படியருகே குனிந்து கருங்கல்லைத் தொட்டுப் பாருங்கள்: வட்ட வட்டமாகச் சின்னத் துளைகள், எரிமலைக் குழம்பு ஆறும்போது வாயுக்குமிழி அடைபட்ட தடம். இந்தத் தீவின் கோட்டை, ஆலை, சர்ச், மதில் எல்லாமே இந்தக் கல்தான். பக்கத்திலுள்ள விளக்கக் கூடத்தை முதலில் பார்த்துவிட்டுப் பிறகு படிக்கட்டுக்குப் போனால்தான் எது எங்கே இருந்தது என்று புரியும்.

எதிர்வீட்டுப் பெரியவர் தன் தாத்தாவின் தம்பி ‘மோரீசுக்கு’ப் போனதாகச் சொல்வாரே, அவரிடம் விவரம் கேட்டு வாருங்கள். வந்திறங்கிய ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்துப் பதிவேட்டில் எழுதியிருக்கிறார்கள். பிற்காலத்தவர்களுக்குப் புகைப்படமும் உண்டு. ஏடுகள் மோகாவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. பெயர் மட்டும் போதாது, ஒரே பெயரில் நூறு பேர் இருப்பார்கள், எழுத்தும் ஆங்கிலேயக் காதில் விழுந்தபடி இருக்கும். தகப்பன் பெயர், கப்பல் பெயர், வந்த வருஷம், ஊர் இவற்றில் இரண்டாவது வேண்டும். புதுச்சேரி, காரைக்காலிலிருந்து கூலிக்குப் போனவர்களில் நிறையப் பேர் பக்கத்து ரீயூனியனுக்கும் கரீபியப் பிரெஞ்சுத் தீவுகளுக்கும் போனவர்கள். இங்கே கிடைக்காவிட்டால் அந்தப் பக்கம் தேட வேண்டும்.

சிட்டாடெல் கோட்டைக்கு அம்மாவோடு நடந்து ஏற வேண்டாம், செங்குத்து. டாக்சியில் போய்ப் பத்து நிமிடம் காத்திருக்கச் சொல்லுங்கள். அடிமை ஒழிப்பை எதிர்த்துப் பிரெஞ்சு முதலாளிகள் கிளம்பிவிடுவார்களோ என்ற பயத்தில் ஆங்கிலேயர் 1834இல் கட்டத் தொடங்கியது. மேலிருந்து துறைமுகம், 1812இல் தொடங்கிய குதிரைப் பந்தய மைதானம், கட்டைவிரல் மாதிரி நிற்கும் லெ பூஸ் மலை மூன்றும் ஒரே பார்வையில். அந்த மலையில் டார்வின் 1836இல் ஏறியிருக்கிறார்.

தீவு 1810 டிசம்பரில் ஆங்கிலேயர் கைக்குப் போனபோது, ஜனங்களின் சட்டம், மதம், வழக்கம் அப்படியே இருக்கும் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்த ஒப்பந்தத்தின் பலனை நீங்கள் அன்றாடம் பார்ப்பீர்கள். சிவில் சட்டம் பிரெஞ்சு, நீதிமன்ற மொழி ஆங்கிலம், கடைசி மேல்முறையீடு லண்டன் பிரிவி கவுன்சிலுக்கு. பத்திரிகை பிரெஞ்சு, கார் இடதுபக்கம், வீட்டில் பேசுவது கிரியோல். சுவரில் பிளக் கூட இரண்டு தினுசு: ஆங்கிலேய மூன்று கட்டைப் பின், ஐரோப்பிய இரண்டு உருண்டைப் பின். இரண்டுக்கும் அடாப்டர் கொண்டுவாருங்கள். கடையில் நுழைந்ததும் ‘போன்ழூர்’ சொல்லாமல் விலை கேட்டால் முகம் சுண்டிவிடும். நோட்டில் தமிழ் எழுத்து இருப்பதைப் பார்த்துப் பசங்க குதிப்பார்கள். நூறு ரூபாயில் இருப்பவர் ரெங்கநாதன் சீனிவாசன், இந்த ஊர்த் தமிழ் அரசியல்வாதி. ஆனால் தமிழர் என்பதற்காகத் தமிழில் பேச ஆரம்பித்துவிடாதீர்கள். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கும் வீட்டிலேயே பேச்சு கிரியோல்தான்.

பழைய வீடு ஒன்றே ஒன்று பார்க்க வேண்டுமென்றால் மோகாவின் யுரேகா. 1830இல் கட்டிய மரவீடு, கதவுகள் 109. அத்தனை எதற்கு என்று உள்ளே நின்றால் தெரியும்: எதிரெதிர்க் கதவைத் திறந்தால் காற்று வீட்டைத் துளைத்துக்கொண்டு போகும், மின்விசிறி வேண்டாம். சுற்றிலும் ‘வராங்க்’ என்கிற தாழ்வாரம், வெயில் சுவரில் படாது. தரை கல்மேடைமேல் உயர்த்தியிருக்கும், ஈரமும் கரையானும் ஏறாது. கூரையில் ஓடு கிடையாது, மீன் செதில் போலப் பலகைத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி ஆணி அடித்திருப்பார்கள். புயலில் ஒன்று பிடுங்கிக்கொண்டால் மழைநீர் அடுத்த வரிசைக்கு அடியில் புகுந்து உளுக்கத் தொடங்கும், உடனே மாற்றியாக வேண்டும். அந்தச் செலவு தாங்காமல்தான் பல வீடுகள் போய்விட்டன. 1960இல் வந்த கரோல் புயல் ஆயிரக்கணக்கான மரவீடுகளையும் தகர வீடுகளையும் வாரிக்கொண்டு போனது. அதற்கப்புறம் ஊரெல்லாம் மொட்டைமாடி கான்கிரீட். சுற்றுலாப் பயணிகள் இந்த வீடுகளை அசிங்கம் என்பார்கள். ஒரு புயல் இரவு உள்ளே இருந்துவிட்டுச் சொல்லட்டும். யுரேகாவில் சாப்பிடுவதானால் முதல் நாளே சொல்ல வேண்டும். பின்னால் இறங்கும் அருவிப் பாதை வழுக்கும், அம்மா தாழ்வாரத்திலேயே தேநீர் குடிக்கட்டும்.

தென்மேற்கு மலைப்பக்கத்துக்குத் தெளிவான நாளாக ஒன்றை எடுத்து வையுங்கள். வரிசையைச் சரியாகப் பிடிக்காவிட்டால் வீண். மேட்டில் மேகம் மதியத்துக்கு மேல் இறங்கும், எனவே காலை எட்டு மணிக்குக் கிராண்ட் பாஸன். எரிமலை வாய் ஏரி, ஜனங்கள் கங்கா தலாவ் என்பார்கள். 33 மீட்டர் சிவன் சிலை வாசலில். பையில் வாழைப்பழம் வைக்காதீர்கள், குரங்கு கூட்டமாக வரும். ஒன்பதரைக்கு பிளாக் ரிவர் பள்ளத்தாக்கு முனை. முன்னால் மூடுபனி நின்றால் திரும்பிவிடாமல் இருபது நிமிடம் இருங்கள், காற்று தள்ளிவிடும். வழியோரப் புதர்களில் சிவப்பாகக் கொத்துக்கொத்தாய்ப் பழுத்திருக்கும் சீனக் கொய்யாவைப் பறித்துத் தின்னலாம், தின்பதே புண்ணியம்: அது வெளியிலிருந்து வந்து உள்ளூர்க் காட்டை நெரித்துக்கொண்டிருக்கும் செடி. பிறகு ஷாமரெல் இறக்கம். 80 மீட்டருக்கு மேல் விழும் அருவியும் ஏழு நிற மண்ணும் ஒரே வளாகம். எரிமலைக் கல் உக்கிக் களிமண்ணாகும்போது இரும்பு தங்கிய இடம் சிவப்பும் பழுப்புமாக, அலுமினியம் தங்கிய இடம் நீலமும் ஊதாவுமாக ஆகியிருக்கிறது. வெயில் இல்லாமல் பார்த்தால் வெறும் செம்மண் மேடுதான்.

லெ மோர்ன் மலை அங்கிருந்து கீழே, 556 மீட்டர், செங்குத்துப் பாறை. தப்பியோடிய அடிமைகள் ஒளிந்த இடம். விடுதலைச் செய்தியோடு வந்த போலீஸைப் பிடிக்க வருவதாக நினைத்து உச்சியிலிருந்து குதித்தார்கள் என்பது இங்கே வாய்வழிக் கதை. நீங்களும் பெரியவனும் ஏறுவதானால் காலை ஏழுக்குள் தொடங்குங்கள். முதல் பாதி அகலமான மண்பாதை, யாரும் நடக்கலாம். அதற்குமேல் கையூன்றி ஏறும் பாறை, ஏறுவதைவிட இறங்குவது கஷ்டம். முந்தின இரவு மழை பெய்திருந்தால் பாதிவழியிலுள்ள காட்சி முனையோடு திரும்பிவிடுங்கள். அண்ணியும் அம்மாவும் அடிவாரத்திலுள்ள அடிமைகள் நினைவிடத்தில் இருக்கலாம், நிழல் உண்டு.

வடக்கே பாம்பிள்மூஸ் தோட்டத்துக்கு ஒரு காலை. டச்சுக்காரர் கட்டிக்காத்த கிராம்பு, ஜாதிக்காய்க் கன்றுகளைத் திருட்டுத்தனமாய்க் கொண்டுவரச் செய்து இங்கே பயிராக்கியவர் பியேர் புவாவ்ர். குளத்து ராட்சத அல்லி முதல் நாள் வெள்ளையாக, மறுநாள் இளஞ்சிவப்பாக இருக்கும். வாசலில் நிற்கும் வழிகாட்டியிடம் தொகையை முதலிலேயே பேசிவிடுங்கள். கொசு மருந்து கட்டாயம். பக்கத்திலேயே பழைய போ பிளான் சர்க்கரை ஆலையை அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள், கடைசியில் பலவகைச் சர்க்கரை சுவைக்கத் தருவார்கள். போகும் வழியில் கரும்புக்குள் கோபுரம் போல் கற்குவியல்கள் நிற்கும், கூலிகள் கையால் பொறுக்கிக் குவித்த கல். மே மாதத்தில் கரும்பு ஆள் உயரத்துக்கு மேல் நின்று பூவெடுக்கும். அழகுதான், ஆனால் சந்திப்புகளில் எதிர்வரும் வண்டி தெரியாது. மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள்.

ஓட்டுநர் விஷயம். நாள் கூலியில் பெட்ரோல், காத்திருப்பு, அவர் சாப்பாடு அடக்கமா என்று முன்கூட்டியே பேசுங்கள். சிலர் கப்பல் பொம்மைக் கடை, வைரக் கடை என்று நிறுத்துவார்கள், கமிஷனுக்காக. ‘கடை வேண்டாம்’ என்று ஏறும்போதே சொன்னால் இரண்டு மணி நேரம் மிச்சம்.

கடலில் இறங்க மேற்கே பிளிக்-ஆன்-பிளாக், வடக்கே துரூ-ஓ-பிஷ். தெற்கே கிரி-கிரியில் பவளத் தடுப்பு இல்லை, அலை நேராகப் பாறையில் மோதும், பார்க்க மட்டும். தண்ணீரில் எல்லோருக்கும் ரப்பர் ஷூ வேண்டும், கடல்முள்ளி உண்டு, கல்மீனும் இருக்கலாம். கல்மீன் குத்தினால் பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் காலை வைத்தபடியே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். பவளவாய்ப் பக்கம் நீந்தவே கூடாது, வடியும் தண்ணீர் வெளியே இழுத்துக்கொண்டு போகும். ஓட்டல்காரர் கடற்கரை தனக்குச் சொந்தம் என்றால் நம்பாதீர்கள். பிரெஞ்சுக்காரர் காவலுக்காகக் கரையோரம் 81 மீட்டர் அகலத்தை அரசு நிலமாக ஒதுக்கியது இன்றும் சட்டம். ஓட்டலுக்கு அது குத்தகைதான். அலை ஏறும் எல்லை வரை மணல் பொது. ஆனால் அவர்கள் வளாகத்தைக் கடந்து போக உரிமையில்லை, பொது வழியாக வாருங்கள். சூரியன் ஆறு மணிக்குள் அஸ்தமித்துவிடும், கிராமத்துப் பேருந்தும் அதற்குப் பின் சீக்கிரம் நின்றுவிடும்.

கருவேப்பிலை, மாம்பழம், விதை, செடி எதுவும் பெட்டியில் வேண்டாம், பிடுங்கிக்கொள்வார்கள். அம்மாவின் வலி மாத்திரைக்கு டாக்டர் சீட்டு ஆங்கிலத்தில் வேண்டும், டிராமடால், கோடீன் கலந்ததாக இருந்தால் முதலில் எனக்குப் பெயர் எழுதுங்கள், விசாரித்துச் சொல்கிறேன். திரும்பும் டிக்கெட்டும் தங்குமிட விவரமும் காகிதத்தில் கையில் இருக்கட்டும். அப்பளம், நல்லெண்ணெய் கம்பெனி பாக்கெட்டில் இருந்தால் கொண்டுவரலாம். டிக்கெட் போட்டதும் தேதியைத் தெரிவியுங்கள், எக்ரெத் படகுக்கும் யுரேகா சாப்பாட்டுக்கும் நான் பேசிவிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் தங்கை